கிளப் நடன இசைக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு?

ஹவுஸ், டெக்னோ மாதிரி கிளப் நடன இசையெல்லாம் சினிமாவுக்குள் எப்படி வந்தது என்றுதானே கேள்வி? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் நாயனக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுப்பார், தவிலும் பம்பையும் சேர்ந்து அதை இழுத்து இழுத்து வேறொன்றாக்கிவிடும். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ பாட்டுகளை வைத்துச் செய்ததும் ஏறக்குறைய அதுதான்; ஹவுஸ் பிறந்தது அப்படித்தான். சினிமா சும்மா இருக்குமா? அதே வருடம் பாடகி டோனா சம்மருக்கு இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் போட்ட சின்தசைசர் துடிப்பைக் கேட்ட இயக்குநர் ஆலன் பார்க்கர், தன் 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' துரத்தல் காட்சிக்கு அப்படியே வேண்டும் என்றார், அந்த இசைக்கு மொரோடருக்கு ஆஸ்காரும் கிடைத்தது. அப்புறம் படத்தால் பாட்டு பிழைத்த கதையும் உண்டு: 1995-ல் ஒரு சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்த அண்டர்வேர்ல்ட் என்ற இசைக்குழுவின் பாட்டு, மறுவருடம் 'டிரெயின்ஸ்பாட்டிங்' படம் வந்தபின் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது.