மகள் ஓடுகிறாள், மாஸ்டர்: சேலத்துப் பெற்றோரின் கேள்விகள்

குறுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் ஒருவர், சேலம் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

ஓமலூர்: ஹிமா தாஸ் 18 வயதில் உலக ஜூனியர் தங்கம் வாங்கினாரே. என் மகளுக்கு 14. இப்போதே 400 மீட்டரில் இறக்கலாமா மாஸ்டர்?

வேண்டாம்மா. ஹிமாவே அப்படி வரவில்லை. அசாமில் பையன்களோடு கால்பந்து ஆடிய பெண். ஓட்டத்துக்கு வந்தபோது முதலில் 100, 200 மீட்டர்தான். பிறகுதான் 400-க்கு மாறினார். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 6-வது இடம். ஜூலை 12 அன்று பின்லாந்தின் தம்பெரேயில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 51.46 விநாடியில் தங்கம். உலக அளவில் எந்த வயதுப் பிரிவிலும், தடகள ஓட்டத்தில் இந்தியா அதற்கு முன் தங்கம் வாங்கியதில்லை.

அந்த ஓட்டத்தின் வீடியோவை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். கடைசி வளைவு முடியும்போது ஹிமா முன்னணியில் இல்லை. நேர்ப்பாதையில்தான் ருமேனியாவின் மிக்லோஷை முந்தினார். கடைசியில் வேகத்தைக் கூட்டினார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் 400-ன் கடைசி 80 மீட்டரில் எல்லோருக்கும் வேகம் குறைகிறது. யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் ஜெயிக்கிறார். 200 மீட்டர் வேகம் கையில் இருப்பவருக்கு அது கொஞ்சம் சுலபம். 14 வயதில் ஸ்டார்ட், ஓடும் முறை, 100, 200, ஆசைக்கு நீளம் தாண்டுதல், இவை போதும்.

ஆத்தூர்: ஜூனியரில் ஜெயித்தால் சீனியரிலும் ஜெயிப்பார்களா?

உறுதி சொல்ல முடியாது. ஜமைக்காவின் வெரோனிகா கேம்ப்பெல் 2000-ல் சாந்தியாகோ உலக ஜூனியர் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம் வாங்கினார். 2004, 2008 ஒலிம்பிக் 200 மீட்டர் தங்கமும் அவருக்குத்தான். ஹிமா தம்பெரேக்கு அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 400 மீட்டரை 50.79 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார், தேசிய சாதனை. அப்புறம் காயங்கள், டோக்கியோ ஒலிம்பிக்குக்கே போக முடியவில்லை.

அம்மாபேட்டை: பள்ளியில் 100 மீட்டரை 13.0 விநாடியில் ஓடியவள், எலக்ட்ரானிக் டைமிங் வைத்த போட்டியில் 13.26. மந்தமாகிவிட்டாளா?

இல்லை சார், அதே வேகம்தான். பள்ளியில் துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சைக் கை அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் ஓடிவிடும். 100 மீட்டரில் ஸ்டாப்வாட்ச் நேரத்தோடு 0.24 விநாடி கூட்டிப் பார்ப்பது வழக்கம். காற்றின் கணக்கையும் கேளுங்கள்: பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது.

ஏற்காடு: மலையில் பயிற்சி செய்தால் கூடுதல் பலன் உண்டா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டருக்கு மேல் ஓடிய குறுந்தூர நேரங்களைத் தனிக் குறியிட்டுத்தான் பதிவு செய்கிறார்கள், காற்று மெலிந்திருப்பதால் உடலுக்குத் தடை குறைவு என்று. பயிற்சிக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஏற்றத்தில் 30, 40 மீட்டர் ஓடுவது கால் வலுவுக்கு மிக நல்லது. இறக்கத்தில் மட்டும் ஓட விடாதீர்கள். ஊசிமுனை வளைவுச் சாலையில் ஓடவே வேண்டாம், பஸ் வரும்.

மேட்டூர்: உலக ஜூனியருக்கு வயது எப்படிப் பார்ப்பார்கள்?

பிறந்த ஆண்டுதான். 2024 லிமா போட்டிக்கு 2005 முதல் 2008 வரை பிறந்தவர்கள் போக முடிந்தது. பள்ளியில் சேர்த்தபோது தேதியை மாற்றிப் போட்டிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

சங்ககிரி: 15 வயதாகிறது, ஒரு வருடமாக நேரம் குறையவே இல்லை. எடை கூடியதுதான் காரணம் என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த வயதில் பெண் உடல் மாறுகிறது. நேரம் ஒரு வருடம் அப்படியே நிற்பது சாதாரணம். பயிற்சியைக் குறைக்காமல் சோற்றைக் குறைத்தால் எலும்பு தேயும், மாதவிடாய் நிற்கும். மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், பயிற்சியாளரிடம் அல்ல. முட்டை, கீரை, பருப்பு தினமும் இருக்கட்டும்.

அயோத்தியாப்பட்டணம்: சளி மருந்தில்கூட ஊக்கமருந்து வருமா?

வரும். எபெட்ரின் என்ற ஊக்கமருந்து கலந்தவை உண்டு. மைனர் என்றாலும் சோதனை உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், விளையாட்டு வீராங்கனை என்று சொல்லி டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள்; அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.