மட்டைய காட்டுங்க, மரத்தை சொல்றேன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை பனைக்குடும்பத்து மரங்கள பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தோம், கேள்விய விட போட்டோதான் அதிகமா வந்து குவிஞ்சிருக்கு. தென்னை, பாக்கு, ஈச்சை, பேரீச்சை, ஏன் பிரம்பு கூட இந்தக் குடும்பம்தான், உலகத்துல மொத்தம் 2,600 வகைக்கு கிட்ட இருக்கு, அதனால எதையும் ஒதுக்கல, நீளமான கேள்விகள மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கேன்.

கேள்வி: சூரியன் மறையுற நேரத்துல எடுத்த போட்டோ அனுப்பியிருக்கேன். நல்ல உயரமான மரம். என்ன வகைன்னு சொல்ல முடியுமா?

பதில்: படம் பிரமாதம், ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனா வானம் மொத்தம் ஆரஞ்சு, மரம் மொத்தம் கருப்பு, இதுல விசிறி ஓலைன்னு ஒண்ணு மட்டும்தான் தெரியுது. அந்த ஒண்ணை வெச்சு தென்னை இல்ல, ஈச்சை இல்லன்னு சொல்லலாமே தவிர என்ன மரம்னு சொல்ல முடியாது. எல்லாரும் கொண்டையத்தான் எடுக்குறாங்க, அடையாளம் இருக்கிறதோ பெரும்பாலும் மட்டையும் தண்டும் சேர்ற இடத்துல. நம்ம பனைன்னா மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் கருக்கு இருக்கும். ட்ராக்கிகார்பஸ்ங்கிற விசிறி ஓலை மரம்னா பெரும்பாலும் தண்டு முழுக்க நார் சுத்தி மூடியிருக்கும். பாக்கு, ராயல் பாம் வகையறான்னா மட்டையோட அடிப்பகுதி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்திக்கிட்டு தண்டுக்கு மேல பச்சையா வழவழன்னு ஒரு குழாயா நிக்கும், அதைப் பார்த்தாலே பாதி வகைகள ஒதுக்கிடலாம்.

அடுத்தது கீத்தோட, அதாவது ஓலைல தனித்தனியா பிரிஞ்சு நிக்கிற துண்டோட மடிப்பு, இதை யாருமே எடுக்கிறதில்ல, எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச சோதனை. இறகு மாதிரி விரிஞ்ச ஓலைல ஒரு கீத்தை, அது நடுமட்டையோட ஒட்டியிருக்கிற இடத்துல, மேல இருந்து பாருங்க. அங்க தண்ணி ஊத்தினா தேங்குமா, ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓடிடுமா? தேங்குற மடிப்புன்னா ஈச்சை, பேரீச்சை கூட்டம், இல்லன்னா கூந்தல்பனை. வழிஞ்சு ஓடுற மடிப்புன்னா தென்னை, பாக்கு, இன்னும் ஆயிரக்கணக்குல மத்ததெல்லாம். ஈச்சை கூட்டத்துக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு, மட்டையோட அடில இருக்கிற கீத்தெல்லாம் முள்ளா மாறியிருக்கும், கைய கவனமா வைங்க.

அப்புறம் பூ. பாளை மட்டைகளுக்கு நடுவுல இருந்து வருதா (தென்னை, பனை), மட்டைக்கெல்லாம் கீழ வெறும் தண்டுல இருந்து வருதா (பாக்கு), உச்சந்தலைல எல்லா ஓலைக்கும் மேல வருதா, இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஆக அடுத்த தடவை முழு மரம் ஒண்ணு, மட்டை அடி ஒண்ணு, கீத்து மடிப்பு ஒண்ணு, பூவோ காயோ இருந்தா அது ஒண்ணு, பக்கத்துல உங்க கைய வெச்சு எடுங்க, அப்போதான் அளவு புரியும். சூரியன் நல்லா மேல இருக்கும்போது எடுங்க, அந்தி வானத்துக்கு இங்க மார்க் கிடையாது.

கேள்வி: வாங்கி வந்த செடிய ஒரு ஆப்ல போட்டோ எடுத்து பார்த்தா தினம் ஒரு பேர் சொல்லுது. எதை நம்புறது?

பதில்: நாலு இலை விட்ட கன்னுன்னா எதையும் நம்பாதீங்க. பெரும்பாலான வகைகள்ல முதல்ல வர்ற இலைங்க பிரியாம ஒரே பட்டையா, இல்லன்னா நுனில ரெண்டா பிளந்து இருக்கும், தென்னங்கன்னையே பாருங்க, கீத்து பிரிய எவ்ளோ நாள் ஆகுதுன்னு. குழந்தைல எல்லாம் ஒரே முகம்தான். கொஞ்சம் வளரட்டும், வித்தவர்கிட்ட விதை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டு வைங்க, அது ஆப்பை விட உதவும்.

கேள்வி: தண்டுல இருக்கிற வளையத்தை எண்ணினா மரத்தோட வயசு தெரியுமா? அப்புறம் பனை மரமே இல்ல, புல்லுன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றார்.

பதில்: அந்த வளையம் வயசு இல்ல, விழுந்த மட்டையோட தழும்பு. தேக்கு மாதிரி மரங்கள்ல பட்டைக்கு அடில ஒரு உயிருள்ள அடுக்கு இருந்து வருஷா வருஷம் புதுசா கட்டை சேர்க்கும், அதனால தண்டு பருக்கும், வெட்டினா உள்ள ஆண்டு வளையம் தெரியும். பனைக்குடும்பத்துக்கு அந்த அடுக்கே கிடையாது. கன்னா இருக்கும்போது மண்ணுமட்டத்துலயே அகலமாகிட்டு, வேண்டிய பருமன் வந்த பிறகுதான் மேல ஏறவே ஆரம்பிக்கும், இதுக்கு சில வகைல பல வருஷம் ஆகும், அந்தக் காலமெல்லாம் தழும்புல பதிவாகாது. நல்லா வளர்ற தென்னை மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலை விடும், அதை வெச்சு தோராயமா கணக்கு போடலாம், ஆனா காஞ்ச வருஷத்துல ஓலை குறையும், நிழல்ல நின்னா குறையும், அதனால தோராயம் தோராயம்தான்.

இதுல எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் ஒண்ணு இருக்கு. புதுசா கட்டை சேராதுன்னா பழைய செல்லுங்களே கடைசி வரைக்கும் வேலை பார்க்கணும் இல்லையா, அப்படித்தான் பார்க்குது. நூறு வருஷ மரத்தோட அடித்தண்டுல தண்ணியும் சத்தும் கடத்துறது நூறு வருஷத்துக்கு முன்னாடி உருவான அதே செல்லுங்கதான். அதனாலதான் தண்டுல ஆணி அடிச்சாலோ ஏறுறதுக்கு வெட்டு போட்டாலோ அந்தக் காயம் மூடவே மூடாது. லைட் கட்டணும்னா கயிறு போதும், ஆணி வேணாம்.

புல்லா மரமாங்கிற சண்டைக்கு வருவோம். வெளிப்பக்கம் வைரம் பாஞ்சது புல், உள்பக்கம் வைரம் பாஞ்சது மரம்னு தொல்காப்பியம் மரபியல்லயே பிரிச்சு சொல்லியாச்சு, அந்த கணக்குப்படி உங்க நண்பர் சொல்றது சரி, பனை வெளிலதான் இரும்பு, உள்ள சோறு. இன்னைக்கு தாவரவியல்படி பனையும் புல்லும் ஒரே பெரிய பிரிவான ஒருவித்திலைல வருது, ஆனா ரெண்டும் வேற வேற குடும்பம். ரெண்டு பேரும் ஜெயிச்சதா வெச்சுக்கலாம்.

கேள்வி: அடி ஓலையெல்லாம் மஞ்சளாகுது. வெட்டி விட்டா புது ஓலை நல்லா வரும்னு சொல்றாங்க, வெட்டலாமா?

பதில்: வெட்டாதீங்க, குறைஞ்சது காரணம் தெரியுற வரைக்கும். மஞ்சள் எந்த ஓலைல ஆரம்பிக்குதுங்கிறதுதான் முக்கியம். கிழட்டு ஓலைல நுனிப்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமா புள்ளி விழுந்து அப்புறம் கருகுதுன்னா பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. மண்ணுல கிடைக்காத பொட்டாசியத்தை மரம் அந்த கிழட்டு ஓலைல இருந்துதான் உறிஞ்சி குருத்துக்கு அனுப்பிட்டிருக்கு, நீங்க அதை வெட்டினா அதுக்கு அடுத்த ஓலைல கை வைக்கும், இப்படியே மேல மேல போய் கொண்டை சிறுத்துடும். கிழட்டு ஓலையோட ஓரம் மட்டும் அகலமா மஞ்சள், நடு பச்சைன்னா மெக்னீசியம். கிழவங்க நல்லா இருந்து குருத்து மட்டும் சுருங்கி கருகி சின்னதா வந்தா மாங்கனீசு, இதுல தாமதம் கூடாது, ஏன்னா இந்த மரங்களுக்கு இருக்கிறது தண்டுக்கு ஒரே ஒரு குருத்து, அது போனா அந்தத் தண்டு போச்சு.

உரம் போட்டதும் மஞ்சள் ஓலை பச்சையாகும்னு காத்திருக்க வேணாம், பொட்டாசியம் விஷயத்துல கெட்ட ஓலை கெட்டதுதான், அது உதிர்ந்து புது ஓலை அந்த இடத்துக்கு வரணும், ஒரு வருஷத்துக்கு மேலயும் இழுக்கும். பொட்டாசியத்தை மட்டும் அள்ளிக் கொட்டினா மெக்னீசியக் குறைவு வந்து நிக்கும், ரெண்டையும் சேர்த்து பாருங்க. முழுசா காஞ்சு பழுப்பான மட்டைய மட்டும் எடுத்துடலாம்.

கேள்வி: புது ஓலை விரியும்போதே கத்தரிக்கோலால வெட்டினாப்ல முக்கோணமா இருக்கு. யாரோ வேணும்னு பண்றாங்களோன்னு சந்தேகம்.

பதில்: யார் மேலயும் சந்தேகப்படாதீங்க, காண்டாமிருக வண்டு. குருத்து மடிஞ்சு இருக்கும்போதே அதுக்குள்ள துளைச்சிட்டு போயிடும், மடிச்ச காகிதத்துல ஒரு வெட்டு போட்டு பிரிச்சா எப்படி வரிசையா வருமோ அப்படி ஓலை விரியும்போது வெட்டு தெரியும். மக்கின கட்டை, குப்பைமேடு, சாணக்குழில முட்டை வைக்கும், முதல்ல அதை சுத்தம் பண்ணுங்க. இதை விட பயப்பட வேண்டியது சிவப்பு கூன்வண்டு, அது வெளில ஒண்ணும் காட்டாம தண்டுக்குள்ள தின்னும், காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டை வழியாவும் உள்ள நுழையும்.

கேள்வி: சேகோ பாம், ட்ராவலர்ஸ் பாம் ரெண்டும் தோட்டத்துல இருக்கு. படம் இணைச்சிருக்கேன்.

பதில்: ரெண்டும் பாம், அதாவது பனைக்குடும்பம் இல்ல. முதலாவது சைக்கஸ், பூவே பூக்காத பழைய வம்சம். ரெண்டாவது மடகாஸ்கர் ஆளு, ரவனாலா. வளர்ப்பு ரெண்டுக்கும் வேற, அடுத்த மாசம் பார்ப்போம்.

கேள்வி: கிளை விட்ட பனைன்னு ஒரு படம் பார்த்தேன். எடிட்டிங்தானே?

பதில்: இருக்கணும்னு இல்ல. ஆப்பிரிக்காவுல டூம் பனைன்னு ஒண்ணு, ஹைஃபீனி கூட்டத்துல, தண்டு ரெண்டா பிரியும், அதுல ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டா பிரியும், அதோட இயல்பே அதுதான். மத்த வகைகள்ல குருத்து அடிபட்டு அபூர்வமா கிளை விடுறது உண்டு.

கேள்வி: பூங்காவுல இருக்கிற தாளிப்பனை உச்சில மலை மாதிரி பூத்திருக்கு. இனி செத்துடும்னு காவலாளி சொல்றார். உண்மையா? ஏதாவது பண்ணி காப்பாத்த முடியாதா?

பதில்: உண்மைதான், காப்பாத்தவும் முடியாது. மேல சொன்னேனே, பூ எல்லா ஓலைக்கும் மேல உச்சந்தலைல வர்ற வகைன்னு, அது இதுதான். குருத்தே பூங்கொத்தா மாறிடுது, அப்புறம் ஓலை விட இடமே இல்ல. 30ல இருந்து 80 வருஷம் வரைக்கும் தண்டுல மாவுச்சத்தை சேர்த்து வெச்சு ஒரே தடவைல மொத்தத்தையும் செலவு பண்ணுது. அந்தப் பூங்கொத்து 6ல இருந்து 8 மீட்டர், தாவர உலகத்துலயே இவ்ளோ பெரிய கிளைவிட்ட பூங்கொத்து வேற கிடையாது. காய் முத்த ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் நிக்கும். நீங்க பண்ண வேண்டியது, வாரத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுக்கிறது. இந்த நிகழ்ச்சிய முழுசா பதிவு பண்ற வாய்ப்பு அடிக்கடி வராது.

போட்டோ எடுத்து என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க. மடகாஸ்கரோட வடமேற்குல ஒரு முந்திரித் தோட்ட மேலாளர் குடும்பத்தோட நடந்து போகும்போது இதே மாதிரி உச்சில பூத்த ஒரு ராட்சச மரத்தை பார்த்து படம் எடுத்தார், அந்தப் படங்க இணையத்துல சுத்தி லண்டன்ல இருக்கிற கியூ தாவரவியல் தோட்டத்து ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் கண்ணுல பட்டுச்சு. பனைக்குடும்பத்தையே ஆயுசு முழுக்க படிச்ச மனுஷன், அவருக்கே அது என்னன்னு புரியல. 2008ல அது புது வகை மட்டும் இல்ல, புது பேரினமேன்னு, அதாவது வகைக்கும் மேல ஒரு புதுக் கூட்டமேன்னு அறிவிச்சாங்க, தஹினா ஸ்பெக்டாபிலிஸ். விசிறி ஓலை 5 மீட்டர் அகலம், தண்டு 18 மீட்டர் வரைக்கும், அவ்ளோ பெருசா நின்னும் அதுவரைக்கும் எந்த தாவரவியலாளர் கண்ணுலயும் படல. நெருங்கின சொந்தங்களோ அரேபியா, தாய்லாந்து, சீனா பக்கம் இருக்காங்க, இவர் மட்டும் எப்படி அந்தத் தீவுல போய் உக்காந்தார்ங்கிறது பெரிய கதை. காட்டுல இருந்தது நூறு மரத்துக்கும் கம்மி. அந்தப் படங்கள்ல பூவும் ஓலையும் தெளிவா தெரிஞ்சதாலதான் ஆராய்ச்சியாளர்கள் கிளம்பிப் போனாங்க, நிழலுருவமா இருந்திருந்தா யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க.

கேள்வி: மலைக்காட்டுல ஒரு அபூர்வ வகைய பார்த்தேன். இடத்தோட படத்தை எல்லாருக்கும் பகிரலாமா?

பதில்: படத்தை தாராளமா பகிருங்க, இடத்தை பகிராதீங்க. விதைக்காகவும் கன்னுக்காகவும் திருடுறவங்க இதே படங்களத்தான் மேஞ்சுக்கிட்டு இருப்பாங்க. செஷல்ஸ் தீவுகள்ல கோக்கோ டி மெர்னு ஒரு பனை, உலகத்துலயே பெரிய விதை அதோடது, காய் முத்தவே 6, 7 வருஷம் ஆகும், சட்டமும் காவலும் இருந்தும் அதை திருடிட்டு போறாங்க. மொரீஷியஸ்ல ஹயோஃபோர்பி அமாரிகாலிஸ்னு ஒரு வகை, உலகத்துல மிச்சம் இருக்கிறது க்யூர்பீப் தாவரவியல் தோட்டத்துல நிக்கிற ஒரே ஒரு மரம், அதுல ஆண் பூவும் பெண் பூவும் வேற வேற நேரத்துல பக்குவமாகிறதால இயல்பா விதை பிடிக்கிறதே கஷ்டம். சில வகைங்க இந்த நிலைமைல இருக்கும்போது ஒரு விதைய எடுக்கிறது கூட சின்ன விஷயம் இல்ல.

போன்ல எடுத்த படத்துக்குள்ள இடத்தோட விவரம் தானாவே பதிஞ்சிருக்கலாம், செட்டிங்ஸ்ல போய் கேமராவுக்கு லொக்கேஷன் ஆஃப் பண்ணுங்க, ஏற்கனவே எடுத்ததுன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்க. சரியான இடத்தை வனத்துறைக்கோ தாவரவியல் தோட்டத்துக்கோ தனியா எழுதுங்க, அவங்களுக்கு மட்டை அடி படமும் சேர்த்து.