கேஷுவால்டிக்கு வரும் கொத்தடிமைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும் நூற்பாலைகளும் சூழ்ந்த ஊர்களில், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஆசை காட்டியோ அட்வான்ஸ் கொடுத்தோ கூட்டிவந்து அடைத்து வேலை வாங்கப்படுகிறவர்கள், சட்டத்தின் பேச்சில் ஆள் கடத்தலுக்கு ஆளானவர்கள், நம்மிடம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கு நடத்துவது பற்றியென்றால் வக்கீலிடம் போங்கள்.

ஹவுஸ் சர்ஜன்: பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஏதாவது பட்டியல் இருக்கிறதா மேடம்?

இருக்கிறது. மனப்பாடம் செய்யாதீர்கள் தம்பி, அதில் உள்ள பாதி அறிகுறி எந்த ஏழை நோயாளிக்கும் பொருந்தும். நான் கவனிப்பது வேறு. பெயர் கேட்டால் கூட வந்தவர் சொல்கிறார். வயது கேட்டால் அவர் சொல்கிறார். வலிக்கிறதா என்று கேட்டாலும் அவரே சொல்கிறார். காயம் நான்கு நாள் பழசு. ஆதார் "முதலாளியிடம் இருக்கிறது". அட்மிஷன் என்றதும் நோயாளியின் முகம் வெளிறுகிறது.

அந்தக் கடைசி விஷயம் புரிய எனக்கே பல வருடம் ஆனது. சிகிச்சை இலவசம்தானே, ஏன் பயப்படுகிறார்கள்? வண்டி வாடகை, வெளியே வாங்கிய மாத்திரை, படுத்திருந்த நாட்களின் கூலி என்று எல்லாம் அட்வான்ஸ் கணக்கில் ஏறும். பத்தாயிரம் கடன் பதினைந்தாயிரம் ஆகும். அதனால் தனியாகப் பேசக் கிடைத்தால் "உங்களை அடைத்து வைத்திருக்கிறார்களா?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். "இந்த ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கில் எழுதுவார்கள்?" என்று கேளுங்கள். மீதி தானாக வரும்.

தனியாகப் பேச எக்ஸ்ரே அறைதான் வசதி. "கதிர்வீச்சு, வெளியே நில்லுங்கள்" என்றால் எந்த மேஸ்திரியும் வாதாட மாட்டார்.

ஸ்டாஃப் நர்ஸ்: ஒடியா மட்டும் தெரிந்தவர்கள் வருகிறார்கள். கூட வரும் சூப்பர்வைசர்தான் தமிழில் சொல்கிறார்.

சிஸ்டர், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: கூட வந்தவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழி தெரிந்த ஒருவரைப் போனில் பிடியுங்கள். அதுவரை இரத்த அழுத்தம், காய்ச்சல் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

தனியார் கிளினிக் மருத்துவர்: போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டுமா?

நோயாளிக்கு 18 வயது ஆகவில்லை, பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்று சந்தேகம் என்றால் ஆமாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. 18 நிரம்பிய பெண் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகி வந்தாலும் இலவச சிகிச்சை தரவேண்டும், தகவலும் தரவேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஆனால் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடருங்கள்.

வெறும் கொத்தடிமைச் சந்தேகம், ஆள் பெரியவர் என்றால், 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் போக்சோ போன்ற கட்டாயப் பிரிவு இல்லை. அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். நீங்கள் போன் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், ஊரில் இருக்கும் அவர் தம்பியை மேஸ்திரி தேடிப் போவான்.

இன்னொருவர்: ரிப்போர்ட் செய்வது கட்டாயமா?

மேலே.

நூற்பாலை ஒன்றுக்கு வாரம் இருமுறை போகும் மருத்துவர்: மன்னிக்கவும், மிகைப்படுத்துகிறீர்கள். பெண்களும் பெற்றோரும் விரும்பிக் கையெழுத்துப் போட்டுத்தான் மில்லுக்கு வருகிறார்கள். இதை எப்படிக் கடத்தல் என்பது?

வாங்க டாக்டர், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஏமாற்றியோ மிரட்டியோ பணம் காட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டினால், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. 2013இல் திருத்திய இந்திய தண்டனைச் சட்டம் 370 அப்படித்தான் சொன்னது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதா 143. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினாலே அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு. வறுமையும் ஒரு கட்டாயம்தான் என்றது.

அதே மருத்துவர்: அது பழைய சுமங்கலித் திட்டக் காலம். இப்போது ஹாஸ்டலில் டிவி, போன் எல்லாம் இருக்கிறது.

சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற கதை குறைந்திருக்கிறது. எல்லா மில்லும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் எழுதிக்கொடுக்கும் ரெஃபரல் சீட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வார்டன் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியுமா? திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் என்று வருகிறவளுக்குப் பஞ்சுத் தூசி நோய் என்று எழுதுகிறீர்களா, அல்லது "சளி" என்று எழுதுகிறீர்களா? உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? 2019இல் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கிய செய்தி வந்ததே. மாத்திரை கொடுப்பதும் மருத்துவம்தான், ஆனால் யாருக்காக?

அதே மருத்துவர்: தனிப்பட்ட தாக்குதல்.

இருக்கலாம். என் தவறையும் சொல்கிறேன், கணக்கு நேராகட்டும். ஒருமுறை முழங்கையில் சூடு பட்ட பையனுக்கு, கூட வந்தவன் சொன்னபடி "அடுப்பில் விழுந்தான்" என்று ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது காயங்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டில், எழுதினேன். பின்னால் அது கோர்ட்டில் எதிர்த்தரப்பின் சாட்சி ஆனது, என் கையெழுத்தோடு. இப்போது "உடன் வந்தவர் சொன்னது" ஒரு வரி, "நோயாளி தனியாகச் சொன்னது" ஒரு வரி, "காயம் இதனுடன் பொருந்துகிறதா" ஒரு வரி எழுதுகிறேன்.

மருத்துவ மாணவி: பாலியல் வல்லுறவுக்கு ஆளானவருக்குப் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை...

கூடாது. 2013இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது. செய்வது நடத்தைத் தவறு என்று 2022இல் மறுபடியும் சொன்னது.

அரசு மருத்துவர்: வயதுச் சான்று கேட்டுப் போலீஸ் நிற்கிறார்கள்.

முதலில் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அதிலும் இரண்டு வருடம் முன்னே பின்னே போகும். "சுமார் 18" என்று எழுதி ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பெரியவளாக்கிவிடாதீர்கள்.

சமூகப் பணியாளர்: கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்ற விடுதலைச் சான்று மருத்துவமனை தருமா?

தராது, கோட்டாட்சியர் அலுவலகம்தான். 2016 மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தி மிக மோசமாகச் சுரண்டப்பட்டவர்களுக்கு 3 லட்சம். உங்களிடம் இருக்கும் ஆவணங்களில் கனமானது நமது ஏ.ஆர். நகல்தான், கேட்டு வாங்குங்கள்.

வேறொருவர்: கிட்னி விற்பனையும் இதில் வருமா? அப்புறம், ரிப்போர்ட் கட்டாயமா?

உறுப்பு எடுப்பதற்காக ஆள் சேர்ப்பதும் கடத்தல்தான். ஆனால் அதற்கு 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் தனியாக இருக்கிறது, சிறுநீரக மருத்துவர் ஒருவரை அழைத்துவாருங்கள். இரண்டாவது கேள்விக்கு மூன்றாவது முறையாக: மேலே.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்: பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுக்கலாமா?

வேண்டாம் தாயே. பையைச் சோதிப்பார்கள். எண்ணை வாயால் இரண்டு முறை சொல்லவைத்து அனுப்புங்கள். அப்புறம் ஓ.பி. சீட்டில் "மூன்றாம் நாள் கட்டு மாற்ற அவசியம் வரவேண்டும், வராவிட்டால் சீழ் பிடிக்கும்" என்று பெரிதாக எழுதி, கூட வந்தவரிடமே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வேலைக்கு ஆள் குறையுமே என்ற பயத்தில் அவனே கூட்டி வருவான். அன்றைக்கு ஒடியா தெரிந்தவரை டியூட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.