கணினி கேள்வி - பதில்: 8 ஜிபி நினைவகம், 12 ஜிபி டேட்டா எப்படி?

கேள்வி: எங்கள் நிலையத்தில் இரண்டு சேர்வர்கள், இரண்டிலும் கேவிஎம் (ஒரே சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்). 8 ஜிபி நினைவகம் கொடுத்த மெய்நிகர் கணினி ஒன்றை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற சேர்வருக்கு மாற்றினேன். டிஸ்க் இரண்டுக்கும் பொது, அது நகரவில்லை. ஆனால் நெட்வேர்க் கார்டின் கணக்கில் 12 ஜிபிக்கு மேல் போயிருக்கிறது. மிச்சம் எங்கேயிருந்து வந்தது?
*- வாசகர், வவுனியா*

பதில்: கார்டு சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. நினைவகம் 4 கேபி பக்கங்களாகப் போகிறது, 8 ஜிபி என்றால் ஏறத்தாழ 21 இலட்சம் பக்கங்கள். அவை போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே வேலை நடக்கிறதல்லவா, அனுப்பிய பக்கத்தில் திரும்பவும் ஏதாவது எழுதப்பட்டால் அதை மறுபடி அனுப்பத்தான் வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 எம்பி போகிறது, உள்ளே விநாடிக்கு 40 எம்பி மாறுகிறது என்று வையுங்கள். முதல் சுற்று 8 ஜிபி, அது முடிய ஒன்றேகால் நிமிடம். அதற்குள் 3 ஜிபி அளவு மாறிவிடும். அதை அனுப்புவதற்குள் இன்னொரு 1 ஜிபி, பிறகு 400 எம்பி, இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கூட்டினால் 12.5 ஜிபி வரும். உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: வெறும் பூச்சியமாக இருக்கிற பக்கங்களுக்கு ஒரு குறிப்பு மட்டும்தான் போகும், அதனால் புதிதாக பூட் செய்த கணினி 8 ஜிபியைவிட மிகக் குறைவாகவே அனுப்பும்.

கார்டின் எண்ணில் மற்ற போக்குவரத்தும் கலந்திருக்கும் என்பதால் இனி ‘விர்ஷ் டொம்ஜொப்இன்ஃபோ’ கட்டளையைப் பாருங்கள். போனது, மிச்சம், எத்தனையாவது சுற்று, எல்லாம் தனித்தனியாக வரும். முடிந்தபின் ‘கம்ப்ளீட்டட்’ என்ற தெரிவோடு கேட்டால் மொத்தக் கணக்கும் கிடைக்கும், ஆனால் சாதாரணமாக ஒரு தடவை வாசித்ததும் அது அழிந்துவிடும், அப்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: மெய்நிகர் கணினியை இப்படி மாற்றும்போது 99 சதவீதம் வரை வருகிறது, பிறகு பின்னுக்குப் போகிறது, முடிவதேயில்லை. என்ன செய்யலாம்?
*- வாசகி, மாங்குளம்*

பதில்: சதவீதத்தை விடுங்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே கட்டளையில் ‘டேர்ட்டி ரேட்’ என்று ஒரு வரி வரும், பக்கங்கள் மாறுகிற வேகம் அது. அதையும் அனுப்புகிற வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிசின் வைத்துத் தோட்டத்துக் கிணற்றை இறைக்கிறவர்களுக்குத் தெரியும், ஊறுகிற வேகம் இறைக்கிற வேகத்தை மிஞ்சினால் விடிய விடிய இறைத்தாலும் அடி தெரியாது. முதலில் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கிற நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலே பல இடங்களில் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அப்போது விநாடிக்கு 12 எம்பி கூடப் போகாது. கேபிள் சரியென்றால் ‘ஓட்டோ கன்வேர்ஜ்’ என்ற தெரிவைப் போடுங்கள்; அது மெய்நிகர் கணினியின் சிபியுவை முதலில் 20 சதவீதம், பிறகு பத்துப் பத்தாக மட்டுப்படுத்தும். அந்த நேரம் கணினி மந்தமாக இருக்கும், அதனால் ஆட்கள் வேலை செய்யாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: மாற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் கரண்ட் போனால்?
*- வாசகர், முல்லைத்தீவு*

பதில்: சாதாரண முறையில், போய்ச் சேர வேண்டிய சேர்வர் நின்றால் பயமில்லை, பழைய இடத்திலேயே கணினி ஓடிக்கொண்டிருக்கும், அனுப்பிய டேட்டா மட்டும் வீண். ‘போஸ்ட் கொப்பி’ முறையில் அப்படியில்லை. அங்கே கணினி முதலே மற்றப் பக்கம் போய்விடும், பக்கங்கள் பின்னால் வரும், இரண்டு சேர்வரில் எது நின்றாலும் ஓடிக்கொண்டிருந்த நிலை போய்விடும், டிஸ்கிலிருந்து திரும்ப பூட் செய்ய வேண்டியதுதான். இரண்டு சேர்வருக்கும் நடுவிலிருக்கிற சுவிட்சுக்கும் யுபிஎஸ் இல்லாத இடத்தில் அந்த முறையைத் தொடாதீர்கள்.