பதில்: சூளையில் கல் சுமக்கும் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க

வணக்கம். திருவள்ளூர் அருகே செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்தின் 10 வயதுச் சிறுமியை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. அந்தக் காரணம் செல்லவே செல்லாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்பதற்காக 6 முதல் 14 வயதுப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். பள்ளிப் படிப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையம் பற்றியும் கேளுங்கள்.

பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வாங்கிய முன்பணமோ கழுத்தை நெரிக்கும். பிள்ளையின் இரண்டு கைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கடனைக் காட்டி வெளியேற விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்கிறது. கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழ் கேட்கலாம்.

முதலாளியிடம் மட்டும் முதலில் பேசிவிடாதீர்கள். இரவோடு இரவாகக் குடும்பத்தை வேறு சூளைக்கு அனுப்பிவிடக்கூடும். உங்கள் முதல் அழைப்பு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இருக்கட்டும்.