கடல்நீர்த் தொட்டியை இடம் மாற்றும்போது பழைய மணல்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. மூன்று வருடமாக ஓடும் தொட்டி, அடுத்த வாரம் வீடு மாறுகிறோம். மணலைக் கழுவினால் பாக்டீரியா எல்லாம் செத்துவிடும், அப்படியே அள்ளிக்கொண்டு போ என்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம், கழுவிவிடுங்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவில் பெரும்பங்கு லைவ் ராக்கில்தான் (தொட்டிக்குள் வைக்கும், உயிரிகள் குடியேறிய துளையுள்ள பாறை) குடியிருக்கிறது. ராக்கை ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுபோனால் போதும். மணலே போடாமல் எத்தனையோ தொட்டிகள் நன்றாக ஓடுகின்றன.

உங்கள் மணலில் இருப்பது மூன்று வருடத்து மீன் கழிவும் மிஞ்சிய தீனியும். அசையாமல் கிடக்கும்வரை தொல்லை இல்லை. அள்ளிக் கொட்டினால் அத்தனையும் ஒரே நாளில் தண்ணீரில் கலந்து, அம்மோனியா ஏறிவிடும். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால், நடுநிலையான நன்னீரில் இருப்பதைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சு அதிகம்.

மனசு கேட்கவில்லை என்றால், மேலாக ஒரு செ.மீ. மணலை மட்டும் ஒரு கப் வழித்து, தொட்டித் தண்ணீரோடு தனி டப்பாவில் வையுங்கள். கழுவிய மணலைப் பரப்பியதும், அன்றைக்கே அதை மேலே தூவிவிடுங்கள்.

கேள்வி: இருபது தடவை அலசியும் தண்ணீர் தெளியவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, அளவு. 20 லிட்டர் வாளியில் 3 முதல் 4 கிலோவுக்கு மேல் போடாதீர்கள்; போட்டால் அடி மணல் புரளாது. இன்னொன்று, ஊற்றும் நேரம். தண்ணீரை வேகமாக நிரப்பி, கையை அடிவரை விட்டுப் புரட்டுங்கள். கையை எடுத்ததும் மணல் சில நொடியில் கீழே உட்கார்ந்துவிடும், கசடு மட்டும் மேகம்போல மேலே நிற்கும். அந்த நேரத்திலேயே சாய்த்து ஊற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம் விட்டால் கசடும் மணல்மேல் படிந்துவிடும், அடுத்த அலசலில் அதே அழுக்கு மறுபடி வரும்.

போதுமா என்று பார்க்க, ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். டம்ளருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும். பால்போல லேசான வெள்ளைக் கலங்கல் இருந்தால் அது அரகோனைட் (இந்த மணலாக இருக்கும் கால்சியம் கார்பனேட் கனிமம்) தூள், கெடுதல் இல்லை. பழுப்போ சாம்பல் நிறமோ தெரிந்தால் இன்னும் அலசுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம், கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில். கையுறை கட்டாயம்: மணலில் ஒளிந்திருக்கும் முட்புழுவின் முள் தைத்தால் எரிச்சல் எளிதில் அடங்காது.

கேள்வி: 12 செ.மீ. ஆழ மணல். கண்ணாடியோரம் அடியில் கருப்பாகத் தெரிகிறது, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம்.

பதில்: அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, மீனைக் கொல்ல மிகச் சிறிய அளவே போதும். மணலைத் தொடுவதற்கு முன்பே மீன், பவளம், ராக் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரையும் முதலிலேயே மேலிருந்து சைஃபன் செய்து எடுத்துவிடுங்கள். மணலுக்கு மேலே நிற்கும் கடைசி 5 செ.மீ. தண்ணீரை விட்டுவிடலாம். மணலை மெதுவாக அள்ளுங்கள், மணலுக்குள் தூங்கும் ராஸ் மீனும் நசாரியஸ் நத்தையும் அதில் மாட்டியிருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடியில் இருக்கும் கருப்பு அடுக்கைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மணலோடு தொட்டியைத் தூக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும், அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: புது இடம் தயாராக இரண்டு மாதம் ஆகும். வாளியில் ஈரமாகவே மூடி வைக்கலாமா சார்?

பதில்: கூடாது. மூடிய வாளியில் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், உள்ளே இருக்கும் புழுபூச்சி செத்து அழுகும்.

ஈரமாகத்தான் வைக்க வேண்டுமென்றால் அகலமான டப்பில் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, 1.025 அடர்த்தியுள்ள உப்புத்தண்ணீர், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழலவிடும் சிறு பம்பு), 25 டிகிரியில் ஹீட்டர் எல்லாம் வேண்டும். பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க அவ்வப்போது ஒரு சிட்டிகை தீனி, ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர். ஒரு சின்னத் தொட்டியைப் பராமரிக்கும் வேலைதான் அது.

இரண்டு மாதம் என்றால் காயவைப்பதே மேல். நன்னீரில் உப்புப் போக அலசி, விரிப்பில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தினமும் புரட்டிவிடுங்கள். விரலிடுக்கில் ஒட்டாமல் பொலபொலவென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. பிறகு சுத்தமான வாளியில் மூடி வைத்தால் எத்தனை மாதமும் இருக்கும். மறுபடி போடுமுன் ஒரு கப் மணலைப் புது உப்புத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அம்மோனியாவும் பாஸ்பேட்டும் பாருங்கள். பழைய அரகோனைட் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்லமெல்ல விடும். அது அதிகமாகக் காட்டினால் புது மணல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: முன்பு அதே தொட்டியில் காப்பர் மருந்து போட்டிருக்கிறேன்.

பதில்: அந்த மணல் வேண்டாம். கால்சியம் கார்பனேட் காப்பரைப் பிடித்துவைக்கும். பின்னால் அது தண்ணீரில் இறங்கினால் பவளம், நத்தை, இறால் தாங்காது.

கேள்வி: வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டி. ப்ளீச்சா, வினிகரா?

பதில்: வினிகர் மணலையே கரைக்கும். ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, 24 மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி, சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் குளோரினை நீக்கி, வாசனை போகும்வரை காயவிடுங்கள். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். நோய்க்கிருமியின் கூடு மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுதாகக் காய்ந்தாலே அது செத்துவிடும். ராக்கில் ஒட்டியிருப்பது வேறு கதை. ராக்கை மீன் இல்லாத தண்ணீரில் 76 நாள் விட்டுவைப்பது வழக்கம்.

கேள்வி: 90 × 45 செ.மீ. தொட்டிக்கு எவ்வளவு மணல்?

பதில்: 3 செ.மீ. உயரத்துக்கு 12 லிட்டர் வரும். லிட்டருக்குச் சுமார் 1.5 கிலோ என்று வைத்தால் 18 கிலோ. ராக்கை முதலில் கண்ணாடிமேல் உட்காரவைத்து, அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல்மேல் ராக்கை வைத்தால் மீன் அடியில் தோண்டும்போது சரியும்.

கேள்வி: மாற்றி மூன்றாம் நாள், அம்மோனியா 0.5 பி.பி.எம். மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது.

பதில்: உடனே 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள், உப்பும் வெப்பமும் பொருந்தியிருக்க வேண்டும். பவர்ஹெட்டை மேற்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள், அம்மோனியாவைக் கட்டும் மருந்து போடுங்கள், இரண்டு நாள் தீனி வேண்டாம். மருந்து போட்ட பிறகும் சில டெஸ்ட் கிட் கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும், அதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் மருந்து ஊற்றாதீர்கள். மீனின் மூச்சைப் பாருங்கள். மணலை மட்டும் கிளறவே வேண்டாம்.