லினக்ஸில் விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டுமே முடிகிறது. எழுதும் அனுமதி பெறுவது எப்படி?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில் நுழைந்து விண்டோஸின் டி டிரைவைத் திறந்தால் கோப்புகள் தெரிகின்றன, ஆனால் எதையும் சேமிக்கவோ அழிக்கவோ இயலவில்லை. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையும் கோப்பு அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையும் கைகொடுக்கவில்லை என்கிறீர்கள். அவை கைகொடுக்கவும் மாட்டா. பெரும்பாலும் இங்கே தடையாக நிற்பது உங்கள் கணக்கின் அனுமதி அன்று. விண்டோஸ் அந்த வட்டை இன்னும் முழுமையாக விட்டு விலகவில்லை என்பதே காரணம்.

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி உண்டு. இது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக நிறுத்தப்படுவதில்லை. பயனரின் அமர்வு மட்டும் மூடப்பட்டு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலை சி டிரைவில் ஹைபர்ஃபில் என்னும் கோப்பில் எழுதி வைக்கப்படுகிறது. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் நினைவில் வைத்திருந்த படமும் அதற்குள் அடங்கும். இடையில் லினக்ஸ் புதிதாக ஒன்றை எழுதிவிட்டால், அடுத்த முறை விழிக்கும் விண்டோஸ் அந்தப் பழைய படத்தையே நம்பி மேலெழுதும்; கோப்புகள் தொலையும், சில வேளைகளில் கோப்பு முறைமையே சிதையும். அதனால்தான் விண்டோஸ் வட்டுகளை லினக்ஸில் கையாள உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி போன்ற டிரைவர்கள் எழுத மறுக்கின்றன. அந்த மறுப்பு உங்கள் தரவைக் காக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே சரிசெய்ய வேண்டிய இடம் விண்டோஸ். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் குறியை நீக்குங்கள். அதன்பின் ஒருமுறை முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள். ஒரு முறை மட்டும் எழுத வேண்டியிருந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலோ, ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து லினக்ஸைத் தேர்ந்தாலோ போதும்.

பலர் நேரே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். அது சில சிறு பிழைகளைத் திருத்தி, அடுத்த முறை விண்டோஸே வட்டைச் சோதிக்குமாறு குறித்து வைக்குமே தவிர, முழுமையான பழுதுநீக்கம் செய்யாது. ஹைபர்ஃபில் கோப்பை அழித்துவிட்டு வட்டை மவுன்ட் செய்யும், அதாவது லினக்ஸில் இணைக்கும், தெரிவும் உண்டு. விண்டோஸ் சேமித்து வைத்த நிலை அதனுடன் போய்விடும் என்பதால், விண்டோஸ் திறக்கவே மறுக்கும் நெருக்கடியில் தவிர நான் அதைத் தொடமாட்டேன்.

இதற்குப் பிறகும் எழுத முடியாவிட்டால்தான் அனுமதியைப் பற்றி யோசிக்க வேண்டும். 2021-இல் லினக்ஸ் கெர்னல் 5.15-உடன் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவரைப் பயன்படுத்தி, எந்த வட்டை எப்படி இணைப்பது என்று குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பு வழியாக மவுன்ட் செய்கிறீர்கள் என்றால், கோப்புகள் நிர்வாகிக் கணக்கான ரூட் பெயரில் வந்து நிற்கக்கூடும். அந்த வரியில் உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுங்கள். பல லினக்ஸ் வகைகளில் முதல் பயனருக்கு இரண்டுமே 1000. சாதனப் பெயருக்குப் பதில் பார்ட்டிஷனின் தனி அடையாளக் குறியீடான யூயூஐடியைக் குறிப்பிடுவது நல்லது, ஏனெனில் வட்டுகளின் வரிசை மாறினாலும் அது மாறாது.

எழுதும் வழி திறந்தபின்னும் சி டிரைவில் எதையும் மாற்றாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. இரு இயங்குதளங்களுக்கும் பொதுவான கோப்புகளுக்குத் தனி பார்ட்டிஷன் ஒன்று ஒதுக்குங்கள். அந்த பார்ட்டிஷனில் விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கர் போடப்பட்டிருந்தால் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும், கிரிப்ட்செட்டப் என்னும் கருவியின் 2.3 பதிப்பு முதல் லினக்ஸிலேயே அது முடியும். மீட்புச் சாவியை மட்டும் அந்தக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.